நாலு டிகிரி

தட்டுகள் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தன. ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் ஆறு வருடமாகக் குப்பை கொட்டுகிறவளுக்கு அது உறுத்தாமல் இருக்குமா? குளிர் அறையின் வடிகாலைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, தட்டில் உறைந்திருக்கும் கூழின் மேல் அந்தக் குச்சியைத் தேய்த்து, இரண்டு நாள் வெதுவெதுப்பில் வைத்தால், மஞ்சளோ வெள்ளையோ நாலு கிருமிப் புள்ளியாவது முளைத்தே தீரும். கண்ட அழுக்கும் வந்து சேருகிற இடம் அது. ஆனால் ஏழு வாரமாக ஒரு புள்ளிகூட இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய விரல்ரேகை தெரிந்தது.

அந்த ஏழு வாரமும் குச்சிகளை எடுத்துவந்தவள் அவளுடைய அக்கா. அக்காதான் இங்கே தர அதிகாரி. அம்மா போன பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டவள், படிக்க வைத்தவள், இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள். இரண்டு முறை கலைந்து மூன்றாவது முறையாக அவள் வயிற்றில் பிள்ளை தங்கியபோது, அவளைவிட அதிகம் அழுதவளும் அக்காதான். ஆறாம் மாதம் பிறந்ததும், குளிர் அறைத் தரை வழுக்கும், பிள்ளைத்தாய்ச்சி அங்கே காலே வைக்கக் கூடாது, இனிமேல் குச்சியெல்லாம் தன் பாடு என்று சொல்லிவிட்டாள். இப்படி ஒரு அக்கா யாருக்கு வாய்க்கும் என்று கூடத்தில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். இப்போது எட்டாவது மாதம்.

மற்றவர்கள் கிளம்பிவிட்ட மாலையில், சுவருக்கு அப்பால் கம்ப்ரஸர் விடாமல் முனகி அந்த முனகல் பல்லின் வேர்வரை இறங்கிக்கொண்டிருக்க, பால் புளித்த வாடையும் பிளீச்சிங் வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டிருக்க, அவள் குளிர்பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தாள். கடைசி அடுக்கில், மூலையில், ஒரு சின்னப் புட்டி. அதன் மேல் அவளுடைய கையெழுத்து.

நினைவு வந்தது. அவள் கடைசியாக வடிகாலைத் துடைத்த நாள். கிருமி வளர்க்கும் திரவத்தில் குச்சியைப் போட்ட புட்டியைச் சூட்டுப் பெட்டியில் வைக்கவேண்டியவள், குமட்டிக்கொண்டு வந்ததால் கைக்கெட்டிய குளிர்பெட்டியில் சொருகிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள். அப்புறம் சுத்தமாக மறந்துபோனாள். மறுநாளிலிருந்து அக்கா பொறுப்பெடுத்துக்கொண்டாள்.

நாலு டிகிரிக் குளிரில் ஏழு வாரம் கிடந்த புட்டி. பால் விடாத தேநீர் போலத் தெளிவாக இருக்கவேண்டிய திரவம் கலங்கியிருந்தது. அசைத்தபோது அடியிலிருந்து மெல்லிய புகை மாதிரி ஒன்று சுருண்டு எழுந்து அப்படியே நின்றது.

குளிரில் எல்லாம் தூங்கிப்போகும், நாள்பட்டால் செத்தும் போகும். ஒன்று மட்டும் மெதுவாகப் பெருகும். மண்ணிலும் அழுகிய இலையிலும் மாட்டின் குடலிலும் பிழைக்கும். உப்புக்கும் அசையாது. பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் ஒரு காய்ச்சலோடு போய்விடும். தாயின் ரத்தத்திலிருந்து பிள்ளையிடம் கடந்துபோகிற வித்தை மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும்.

அவளுக்குப் போன வாரம் இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது.

ஒரு துளியைக் கண்ணாடியில் பரப்பி, ஊதாச் சாயம் ஏற்றி, ஸ்பிரிட்டில் கழுவினாள். ஊதா போகவில்லை. நுண்ணோக்கியில் குட்டைக் குட்டைக் குச்சிகளாகக் கிருமிகள். இன்னொரு துளியை உயிரோடு வைத்துப் பார்த்தாள். அவை குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன. தலை கீழாக, கால் மேலாக, ஓயாமல். இந்த இனத்துக்கு மட்டும் உள்ள ஆட்டம். குளிர்ச்சியில்தான் ஆடும், உடம்புச் சூட்டில் அடங்கிவிடும் என்று படித்திருந்தாள். லிஸ்டீரியா. தட்டில் வளர்த்து உறுதி செய்ய இன்னும் இரண்டு நாள் ஆகும். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

தினமும் நாலு மணிக்கு அவள் ஆலையிலிருந்தே ஒரு கப் ஐஸ்கிரீம் எடுத்துச் சாப்பிடுவாள். மசக்கையில் வந்த ஆசை. முன்பெல்லாம் அக்கா அதே கரண்டியைப் பிடுங்கிப் பாதியைத் தின்றுவிடுவாள். சமீபமாகப் பல் கூசுகிறது என்று தள்ளிவிட்டாள். எத்தனை நாளாக? விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

அக்காவின் அறையில் விளக்கு எரிந்தது. புட்டியை மேஜைமேல் வைத்தாள். அக்கா அதைப் பார்த்தாள். என்னவென்று கேட்கவில்லை. கேட்காததே போதுமாக இருந்தது.

பிறகு அக்கா தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். கிருமி வடிகாலில் மட்டும்தான் என்று நினைத்தாளாம். வெளியே தெரிந்தால் முதலாளி ஆலையை மூடிவிடுவார், இருநூறு பேர் நடுத்தெருவில் நிற்பார்கள், அதனால்தான் காய்ச்சிய தண்ணீரில் குச்சியை நனைத்துக் கொடுத்தாளாம். ராத்திரியெல்லாம் தூக்கமில்லையாம்.

"நான் தினமும் உன் எதிர்லதானே சாப்பிட்டேன், அக்கா?"

அக்கா புட்டியை மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"வேண்டாம்னு சொல்லியிருந்தா, ஏன்னு கேட்டிருப்பியே, குட்டிம்மா."

அவ்வளவுதான். இருபது வருடப் பாசம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் முடிந்துபோனது. யாரோ செய்திருந்தால் கத்தியிருப்பாள். தலை வாரிவிட்ட கை இது. அவளுக்கு வயிறு எரிந்தது.

இல்லை. எரியவில்லை. சில்லிட்டது.

காலையிலிருந்து பிள்ளை உதைக்கவில்லை. வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை. இப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் சரிந்தாள். அக்கா ஓடிவந்து மண்டியிட்டு, புடவையை விலக்கி, வயிற்றில் கை வைத்தாள்.

கம்ப்ரஸர் நின்றது. ஒரே நிசப்தம்.

உள்ளே ஏதோ புரண்டது.

"பாரு, அசையுது. ஒண்ணுமில்ல, குட்டிம்மா. நல்லாத்தான் இருக்கு." அக்கா சிரித்தாள். கண்ணீரோடு சிரித்தாள்.

பிள்ளை உதைத்தால் அவளுக்குத் தெரியும். ஒரு உதை, அப்புறம் ஓய்வு. இது ஓயவில்லை. தலை கீழாக. கால் மேலாக. மறுபடியும். மறுபடியும்.

அக்காவின் சிரிப்பு மெல்ல வடிந்தது. கையை இழுத்துக்கொண்டாள். விரல்கள் விறைத்திருந்தன.

வயிற்றுத் தோலில், அந்தக் கை இருந்த இடத்தைச் சுற்றி, வெண்ணிறமாகப் பனி படிந்துகொண்டிருந்தது.