ஆலாக் கூட்டம்

பயிற்சி விமானங்கள் வரும் நேரத்துக்கு அப்பா படகைப் பாதி நீருக்குள் தள்ளி வைத்துவிடுவார். தெற்கிலிருந்து அவை கடலை ஒட்டி வரிசையாக வரும். அதில் ஒன்று திடீரென்று இடது இறக்கையைச் சாய்த்துத் தாழ்ந்து எழும். அந்த இடத்தில் சாளை மீன் கூட்டமாக இருக்கும். அப்பா மோட்டாரை முடுக்குவார்.

"பாத்தியாட்டி, காட்டிட்டுப் போறான்."

காட்டிவிட்டுப் போகிறவன் என் தம்பி ரெக்சன். கடற்படை விமானப் பயிற்சியில் அவன் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

அந்த விமானத்தில் ஆள் கிடையாது. போர் தொடங்கியதும் விமானி ஆக்குவதற்கு நேரம் போதவில்லை. அதனால் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவனின் கைப்பழக்கத்தையும் கையுறை வழியாகப் பதிந்துகொள்கிறார்கள். எப்போது திருப்புவான், எதைப் பார்த்தால் தாழ்த்துவான், எல்லாம். அதற்குப் 'பழகி' என்று பெயர். ஆள் செத்தால் அவன் பழகி விமானங்களில் ஏறிவிடும். இந்தப் போரில் செத்தவன் கைக்கும் ஓய்வு கிடையாது. பழகிகளைத் திருத்துவது கடற்படைத் தளத்தில் என் வேலை. தம்பியுடையதை மட்டும் நான் தொட்டதில்லை.

போன வாரம் கமாண்டர் இளம்பரிதி கூப்பிட்டார்.

"திங்கக்கிழமையிலருந்து பழகி ஓட்டுறதப் பாத்துக் கத்துக்க அந்த விமானங்கள்ல புதுப் பசங்க ஏறப்போறாங்க, பெனிட்டா. பறவைக் கூட்டத்தப் பாத்தா ரெக்சன் பழகி கீழ இறங்குது. ஏன்னே புரியல. அந்த ஒரு பழக்கத்த வெட்டணும்."

பழகியும் செத்தவன் உடலைச் சேர்ந்தது என்பது சட்டம். வெட்டுவதற்குக் குடும்பத்தில் ஒருவர் சம்மதிக்க வேண்டும்.

ஏன் என்று எனக்குத் தெரியும். ஆலாப் பறவை கூடினால் அடியில் மீன். நடை பழகும்போதே அப்பா எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். கிறுக்குப் பயல், சீருடை போட்டுக்கொண்டு போர் விமானத்தில் உட்கார்ந்தும் குனிந்து பார்த்திருக்கிறான். ஆலா எஞ்சினுக்குள் போய்விட்டது. பறவை மோதி விபத்து என்று விசாரணையை முடித்தார்கள். அவன் எதற்காக இறங்கினான் என்று யாரும் கேட்கவில்லை.

"அப்பாட்ட ஒரு வார்த்த கேக்கணும் சார்."

"கேளுங்க. ஏறப்போற பசங்களுக்கும் அப்பா இருக்காங்க."

வீட்டுக்கு வந்தேன். அப்பா மோட்டாரைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சண்ட முடிஞ்சா இந்த பிளேன நிறுத்திருவானுவளாட்டி?"

"தெரியாதுப்பா," என்றேன். என் கையாலேயே அவனை இன்னொரு தடவை சாகடிக்க வேண்டும், அதற்கு அப்பாவிடம் எப்படி அனுமதி கேட்பது? கேட்கவில்லை. மறுநாள் நானே சம்மதம் சொன்னேன், நானே வெட்டினேன். ஒரே ஒரு பழக்கம்தானே, மற்றதெல்லாம் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை.

திங்கட்கிழமை அப்பாவோடு கரையில் நின்றேன். எதிரிலேயே ஆலாக்கள் கூட்டமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தன. வரிசை வந்தது. ரெக்சனின் விமானத்தில் இன்று எவனோ ஒரு பையன் இருக்கிறான். விமானம் சாயவில்லை. உயரம் குறையாமல் பறவைகளுக்கு மேலே நேராகப் போய் மறைந்தது.

அப்பா படகின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். நான் ஒரு பொய்யைத் தயார் செய்தேன்.

"இன்னைக்கி வேற பிளேனா இருக்கும்ப்பா."

"அவந்தான். ஆலா அவ்வளவு நிக்கி, கண்டும் காணாம போறான்."

அலை வந்து எங்கள் காலை நனைத்துத் திரும்பியது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கும் இப்பிடிப் போயிருக்கலாம்லா, எம்மா. நாஞ் சொல்லிக் குடுத்தத ஒருநா மறந்திருக்கலாம்லா."

இத்தனை மாதமும் விமானம் தாழும்போதெல்லாம் இவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகையை அடக்க முடியவில்லை. இருவருமாகப் படகை மணலுக்கு இழுத்தோம். பின்னால் ஆலாக்கள் மீன் கொத்திக்கொண்டிருந்தன. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.