ஆறு அறைக்கு வெந்நீர்

சாரல் காலத்தில் குற்றாலத்து விடுதிக்காரர்களுக்கு மாலை ஐந்து மணி என்றாலே கொஞ்சம் உதறல்தான். அருவிக்குப் போனவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நடுங்கிக்கொண்டு திரும்புவார்கள். வந்ததும் வெந்நீர் கேட்பார்கள்.

ஆறாம் வகுப்பு படிக்கும் ஜெயபிரியாவின் அம்மா செண்பகவல்லி, ஐந்தருவி சாலையில் ஆறு அறைகள் உள்ள சின்ன விடுதி நடத்தினாள். மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் இருந்தது. ஆனால் மூன்று நாளாக வெயில் எட்டிப் பார்க்கவில்லை. அதில் வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு அறைக்காரர்களும் குளியலறையில் இருந்த கரண்டு ஹீட்டரைப் போட்டார்கள். டப்! விடுதி முழுவதும் கரண்டு போனது. அம்மா ஓடிப்போய் மெயின் சுவிட்சைப் போட்டாள். பத்து நிமிடத்தில் மறுபடியும் டப்!

எலக்ட்ரீசியன் சந்தோஷ்குமார் வந்து பார்த்தார்.

"ஒரு நேரத்துல ரெண்டு ஹீட்டர்தான் தாங்கும்க்கா. இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா வயர் தீஞ்சிரும்."

"ஆறு ரூமுக்கும் நான் என்னத்தச் சொல்ல?" என்றாள் அம்மா.

அதற்குள் மூன்றாம் அறைப் பெண் பதறிக்கொண்டு இறங்கி வந்தாள். அவளுடைய ஐந்து வயது மகன் உமாசங்கருக்கு மூச்சிரைப்பு.

"மருந்து ஆவி பிடிக்கிற மெஷின் பாதியில நின்னுட்டு. பிள்ள இழுத்து இழுத்து மூச்சு விடுதான்!"

ஜெயபிரியா மாடிப்படியில் தாவி ஏறினாள். ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.

"ஒரு சின்னப் பையனுக்கு மூச்சு முட்டுது. கொஞ்சம் ஹீட்டர அமத்துங்க!"

யாரும் மறுக்கவில்லை. அம்மா மெயின் சுவிட்சைப் போட்டதும் கரண்டு வந்தது. மூன்றாம் அறையில் மெஷின் உறுமத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் உமாசங்கரின் மூச்சு சீரானது.

சரி, இனி யாருக்கு முதலில் வெந்நீர்? அறை எண்படி விடலாமா என்று யோசித்தாள் ஜெயபிரியா. அப்படிச் செய்தால் ஐந்தாம் அறைக் கைக்குழந்தை காத்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொருவரிடமும் போய், "இப்பம் என்ன செய்யப் போறீய?" என்று கேட்டாள்.

ஒன்றாம் அறைக் கல்லூரிப் பெண்கள் பஜ்ஜி சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்; திரும்பி வந்து குளித்தால் போதும் என்றார்கள். ஆறாம் அறை ஆலங்குளத்து அண்ணாச்சி மட்டும் முறைத்தார்.

"நான்தான் முதல்ல வந்தேன். எனக்குத்தான் முதல்ல வெந்நீர்."

"சரி அண்ணாச்சி. இப்பமே குளிக்கப் போறீயளா?"

"காபி குடிக்காம எப்பிடிக் குளிக்க? ரெண்டு பேருக்குப் போன் வேற போடணும்."

"அப்போ கடைசியா வச்சிக்கிடட்டுமா?"

அண்ணாச்சி சரி என்று தலையை ஆட்டினார்.

ஜெயபிரியா சமையலறைக்கு ஓடினாள்.

"அம்மா, மாடித் தண்ணி ஏற்கெனவே பாதி சூடு. அதையே விறகடுப்புல வச்சா சீக்கிரம் கொதிச்சிரும்லா?"

அண்டாவில் கொதித்த தண்ணீர் வாளி வாளியாக ஐந்தாம் அறைக்கும் மூன்றாம் அறைக்கும் போனது. மற்ற நான்கு அறைகளும் இரண்டிரண்டாக, இருபது நிமிடம் ஹீட்டரைப் போட்டு அணைத்தன. ஜெயபிரியா கடிகாரத்தைப் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மெயின் சுவிட்ச் அசையவில்லை.

ஆறரை மணிக்கு அண்ணாச்சி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "தண்ணி நல்ல சூடு, ஏட்டி!" என்றார் ஜெயபிரியாவிடம்.

அந்த சீசன் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே அம்மா உட்கார்ந்து, ஆற அமரக் காபி குடித்தாள்.