நான்காம் வகுப்பின் ஜன்னல்

துனிசியாவின் ஜெர்பா தீவில் எங்கள் யூதப் பெண்கள் வேதப் பள்ளி அதுவரை ஜெப ஆலயத்தின் பின்னறையில்தான் நடந்தது. ஒரு பெஞ்சில் ஐந்து பேர். ஒரு ஓரத்தில் இருப்பவள் தும்மினால் மறு ஓரத்தில் இருப்பவள் கீழே விழுவாள். அதனால், பக்கத்துக் காலி மனையில் புதுக் கட்டடம் எழும்பியபோது, ஒவ்வொரு நாளும் எத்தனை வரிசைக் கல் ஏறியிருக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

மாடிச் சுவர் எழும்பியதும், பள்ளியை நடத்தும் மதகுரு ரப்பி ஷூஷான் எங்கள் நான்காம் வகுப்பை மேலே கூட்டிப் போனார். இதுதான் எங்கள் வகுப்பறை என்றார். சுவரில் பெரிதாக இரண்டு ஜன்னல் திறப்புகள். எட்டுப் பேரும் முண்டியடித்து எட்டிப் பார்த்தோம். தூரத்தில் நீலமாக ஒரு கோடு. கடல். எனக்கு அந்த ஜன்னலோர இடம் கிடைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றியது.

என் தோழி கமூனா மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே மப்ரூக்காம்மாவின் முற்றம். அவர் தனியாக வாழும் முஸ்லிம் பெண்மணி. கம்பளி நூற்று விற்பவர். அன்று தலைக்குக் குளித்துவிட்டு, கூந்தலை வெயிலில் விரித்துப் போட்டபடி நூற்றுக்கொண்டிருந்தார். எங்கள் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். மேலே எட்டுத் தலைகள். சட்டென்று துணியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருடைய கோழி மெதுவாக நடந்து வந்து, கம்பளிக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாங்கள் சிரித்தோம். கமூனா சிரிக்கவில்லை.

மறுநாள் மதியம் அவள் என்னையும் இழுத்துக்கொண்டு மப்ரூக்காம்மா வீட்டுக்குப் போனாள். அப்போது குளிர்காலம். ஊரே வெயில் விழும் இடமாகத் தேடித் தேடி உட்கார்ந்திருந்தது. மப்ரூக்காம்மாவோ இருட்டு அறைக்குள், பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு நூற்றுக்கொண்டிருந்தார். ஏன் வெளியே உட்காரவில்லை என்று கமூனா கேட்டாள்.

"வெளிய வெயில் ஜாஸ்தியா இருக்கு கண்ணு," என்றார்.

எங்கள் கையில் பேரீச்சம்பழம் கொடுத்தார். பள்ளி எப்போது திறக்கும் என்று ஆசையாக விசாரித்தார். குறை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தெருவுக்கு வந்ததும் எங்கள் இருவருக்கும் குளிரில் பல் கிட்டியது. "வெயில் ஜாஸ்தியாம்," என்றாள் கமூனா. பிறகு நேரே கட்டடத்துக்கு நடந்தாள்.

ரப்பியும் லரூசி மேஸ்திரியும் மாடியில் இருந்தார்கள். கமூனா பார்த்ததையெல்லாம் சொன்னாள். கடைசியில், "நாங்க இங்கேருந்து கடலைப் பாக்கறோம் ரப்பி. அதனால அவங்க முற்றத்துக்கே வர்றதில்ல," என்றாள்.

ரப்பி ஜன்னல் பக்கம் போனார். பாதி வழியில் நின்று திரும்பிவிட்டார்.

"அடுத்த வீட்டு முற்றத்தைப் பாத்து ஜன்னல் வைக்கக் கூடாதுன்னு நம்ம சட்ட நூல்லயே இருக்கு. இருபது வருஷமா நான்தான் அதைப் பாடம் நடத்தறேன்," என்றார். "ஆனா இங்க ஏறி நின்னப்ப நானும் கடலைத்தான் பாத்தேன்."

திறப்பை அடைப்பது அரைநாள் வேலைதான், ஆனால் அறை குகை மாதிரி ஆகிவிடும் என்றார் மேஸ்திரி. கமூனா சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடைக்க வேணாம். கூரைகிட்ட தூக்கி வச்சுடுங்க. வெளிச்சம் வரும், எங்க கண்ணு எட்டாது."

அதற்குக் கட்டியதை இடிக்க வேண்டும். இரண்டு வாரம் தள்ளிப்போகும். திறப்பு விழாவுக்கு ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. ரப்பியே வீடு வீடாகப் போய் நாள் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான் கமூனாவோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், அவளால்தான் கடல் போயிற்று என்று சண்டைக்குப் போனேன். அவள் கத்தவில்லை.

"கடல் வேணும்னா நாம நடந்து போய்ப் பாத்துக்கலாம். அவங்க முற்றத்துக்கு வேற எங்க போவாங்க?"

அன்று பெஞ்சில் அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

புது ஜன்னலுக்கு, பெஞ்சில் ஏறினாலும் கண் எட்டாத உயரம் குறிக்க ஊரிலேயே நெட்டையான ஆள் தேவைப்பட்டார். அது ரப்பிதான். முற்றத்துக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றார். தொப்பியோடு அளப்பதா, தொப்பி இல்லாமலா என்று மேஸ்திரி கேட்டார்.

"தொப்பிக்குக் கண்ணு இல்லையே," என்றாள் கமூனா. ரப்பி சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. மேஸ்திரி ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தொப்பிக்கும் மேலேயே கோடு போட்டார்.

பள்ளி திறந்தது. பெஞ்சுக்கு இரண்டே பேர். ஜன்னலில் வானம் மட்டும் தெரிந்தது. வெளிச்சம் சரிவாக இறங்கிக் கரும்பலகையில் விழுந்தது. நான் ஒரு தடவை எம்பிப் பார்த்தேன். கடல் இல்லை.

நடுப்பகலில், கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய பாட்டு கேட்டது. மப்ரூக்காம்மாவின் குரல். கமூனாவின் பென்சில் நின்றது. மற்றவர்களும் தலை நிமிர்ந்தார்கள்.

அவர் முற்றத்துக்கு வந்துவிட்டார். கூந்தலை வெயிலில் விரித்துப் போட்டிருந்தாரா என்று எங்கள் எட்டுப் பேரில் ஒருத்திக்கும் தெரியாது.