இரண்டு விரல் கனச் சுவர்

நான்கு நாளாக மழை ஓயாத ஓரிகன் கடற்கரையில், தன் கேரவனின் வெளிச்சுவர் சன்னலுக்குக் கீழே ஒரு சாப்பாட்டுத் தட்டளவு உப்பியிருப்பதை வெர்னா அன்று பிற்பகலில்தான் கவனித்தாள். உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சுவரின் வழவழப்பான வெள்ளை ஃபைபர் தோல் குழைந்து உள்ளே போய், கையை எடுத்ததும் பெருமூச்சு விடுவதுபோல மெல்ல மேலெழுந்தது. ஊறிய மரத்தின் வாடை. அதற்கடியில் வேறேதோ வாடை. புருஷன் இறந்தபின் வீட்டை விற்றுவிட்டு இந்த வண்டியில்தான் குடியிருக்கிறாள். போக வேறு இடமில்லை.

கேரவன்கள் நிறுத்தும் அந்த வளாகத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கும் ஆரின் ஏணியோடு வந்தான். விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே போனான். டக், டக், பிறகு பொத்தென்று.

“கூரை ஓரத்துப் பசை வெடிச்சிருக்கும். தண்ணி இறங்கி உள்ள பலகை ஊறுனா ஒட்டு விட்டுடும், தோல் தனியா எழும்பிடும். வருஷா வருஷம் மேல ஏறிப் பாருங்கன்னு சொன்னேனே, கேட்டீங்களா?”

“ஏறுறதுக்கு எனக்கென்ன பதினெட்டு வயசா? சரி பண்ணிக் குடுப்பா.”

ஏறிப் பார்த்து இறங்கியவன் முகத்தில் சிரிப்பில்லை. “பசை நல்லாத்தான் இருக்கு.” ஈரம் பார்க்கும் கருவியைச் சுவரில் வைத்தான். முள் அசையவில்லை. “சுக்கா காஞ்சு கிடக்கு.”

“அப்ப இந்த வாடை?”

ஆரின் கத்தியால் உப்பலைக் கீறினான். பிளவிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. பலகை எவ்வளவு உளுத்திருக்கிறது என்று பார்க்கக் கையை நுழைத்தான். மணிக்கட்டு போயிற்று. முழங்கை போயிற்று. அந்தச் சுவரின் கனமே இரண்டு விரல்தான்.

“பலகையே இல்ல, வெர்னா.” தோள்வரை போய்விட்டது. “யாரோ கையப் புடிக்கிறாங்க.”

அந்தப் பக்கம் கை எங்கே வந்திருக்கிறது என்று பார்க்க அவள் உள்ளே ஓடினாள். சோபா. சன்னல். சுவர். கீறல் இல்லை. கை இல்லை.

“ஆரின்!”

மழைச் சத்தம் மட்டும்.

வெளியே வந்தாள். ஏணி நின்றது. கத்தி சேற்றில் கிடந்தது. கீறல் மூடியிருந்தது.

உப்பல் இப்போது கதவுவரை நீண்டிருந்தது. ஓர் ஆள் நீளம். அதன் ஓரத்தில், தோலை உள்ளிருந்து தள்ளியபடி ஐந்து விரல்கள்.

அந்தக் கையின் மணிக்கட்டைச் சுற்றி இன்னொரு கை.