பூவரசடியில் கடித்த எறும்பு

காலை ஆறரை மணி. தாயில்பட்டி சாலையோரத்தில், எருக்கம்புதருக்குள் பாலகுரு செத்துக் கிடந்தான். பட்டாசுத் தொழிலாளி. நெஞ்சு நசுங்கியிருந்தது, பக்கத்தில் அவன் பைக். குடித்துவிட்டு விழுந்திருப்பான் என்று கூட்டம் முடிவே கட்டிவிட்டது. செத்தவன் மேல் பழி போடுவது நமக்குக் கைவந்த கலை.

சப்-இன்ஸ்பெக்டர் பாண்டிச்செல்வி குனிந்து பார்த்தார். சட்டையின் முன்பக்கம் பிசுபிசுத்தது. அதில் வெள்ளை மாவுப்பூச்சிகளும் எறும்புகளும் ஒட்டியிருந்தன. கழுத்தில் எறும்பு கடித்த தடிப்புகள் சிவந்திருந்தன. எருக்கிலையைத் திருப்பினார். மஞ்சள் அசுவினிப் பூச்சிதான் அப்பியிருந்தது. எறும்பு ஒன்றுகூட இல்லை.

அவன் மனைவி குருவம்மாள் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"ஒடனே உசுரு போயிருக்கும்லம்மா? துடிச்சிருக்க மாட்டாருல்ல?"

பாண்டிச்செல்வி கழுத்துத் தடிப்புகளை மறுபடி பார்த்தார்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பெத்தணனிடம்தான் வேலை. லைசென்ஸ் இல்லாத பட்டாசு ஷெட். பாண்டிச்செல்வி அங்கே போனார். பாலகுரு நேற்று மதியமே கிளம்பிவிட்டான் என்றான் பெத்தணன். சாயங்காலம் தன்னை அவசரமாகக் கூப்பிட்டு லோடு ஏற்ற வைத்ததாகக் குருவம்மாள் சொன்னாள். ஷெட்டின் பின்சுவர் இடிந்து கிடந்தது. பழைய சுவர், தானாக விழுந்தது என்று பெத்தணன் சாதித்தான். சுவருக்குப் பின்னால் ஒரு பூவரசு நின்றது. கிளையெல்லாம் மாவுப்பூச்சி, அதைச் சுற்றி எறும்பு. பாலகுருவின் சட்டையில் இருந்ததும் இதேதான் என்றார் பாண்டிச்செல்வி.

"எருக்குலயும் பூச்சி இருக்கே மேடம். அங்கயும் எறும்பு வரும்ல?" என்றான் பெத்தணன்.

"அங்கன ஒண்ணுகூட இல்ல. எருக்கம்பால் நஞ்சு, அதைக் குடிக்கிற அசுவினிகிட்ட எறும்பு அம்புட்டா அண்டாது. பூவரசுல எலையே இனிப்பு கசியும். அதுக்கு வர்ற எறும்பு மாவுப்பூச்சிக்கும் காவல் நிக்கும். பூச்சி சிந்துன தேன்தான் அவன் சட்டையில இருக்கு. இங்கனதான் கெடந்திருக்கான்."

"செத்தவனைத்தானே மேடம் இங்க போட்டேன்," என்று பெத்தணன் உளறிவிட்டான்.

"செத்த ஒடம்புல எறும்பு கடிச்சா தடிக்காது."

பெத்தணன் உண்மையைக் கக்கினான். பட்டாசு மருந்து வெடித்து சுவர் பாலகுரு மேல் விழுந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஷெட்டுக்குச் சீல் வைத்துவிடுவார்கள். சரக்கைக் காலி செய்துவிட்டுத் தூக்கிப் போகலாமென்று இருந்தானாம். அதற்குள் உயிர் போய்விட்டதால் ராத்திரியே பைக்கோடு சாலையோரம் போட்டுவிட்டானாம். அதுவரை வெயில் படக்கூடாதென்று பூவரசு நிழலில்தான் படுக்க வைத்தானாம். என்ன ஒரு இரக்கம்!

வாசலில் நின்ற குருவம்மாளுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. அவள் அழவில்லை.

"சுவருக்கு அங்கிட்டு மொனகல் கேட்டுச்சும்மா. என்னன்னு கேட்டேன். நாய்தான்னு சொன்னாரு மொதலாளி. நானும் வெரசா லோடை ஏத்துனேன்."