ரேவதி முடிவதற்குள்...

டிரிங்... டிரிங்...

சேலம் குகை வட்டாரத்தில் இருந்த அந்த மரக்கடையின் டெலிபோன், கடை திறந்ததுமே அலறியது.

எதிர் வீட்டுச் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்த சென்னிமலையைக் கடைக்காரர் கைதட்டிக் கூப்பிட்டார்.

"மேஸ்திரி! ராசிபுரத்துலேர்ந்து ட்ரங்க் கால்... உங்க பார்ட்னருங்க!"

பார்ட்னர் என்றால் சின்னண்ணன். சென்னிமலை இறங்கி ஓடினான்.

"டேய் சென்னி... பழனியக்கா போயிருச்சுடா!"

"எங்கடா போச்சு?"

"கெணத்துல... தவறி உழுந்திருச்சுடா! நான் நேத்துப் பூரா எடப்பாடியில ஊடு பாத்துட்டு ராத்திரி கடைசி பஸ்ஸுக்குத்தான் வந்தேன். வெடியக்காலம் பால்காரி குப்பாயி வந்து கதவத் தட்டி அழுவறா... வாடா... சீக்கிரம் வாடா!"

ரிசீவரை வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான் சென்னிமலை. கடைக்காரர்தான் வாங்கி வைத்தார்.

ராசிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் அழுதான். பக்கத்து சீட்டுக்காரர் காரணம் கேட்டதற்கு, "அக்காங்க..." என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

பழனியம்மாள் அவனுக்கு அக்கா மட்டுமா? புருஷனை இழந்தவள். பிள்ளை இல்லை. தம்பியையும் தம்பியின் சிநேகிதனையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தவள். ஏழு வருடத்துக்கு முன்னால், எழுபத்தேழில், 'பழைய ஊடுகளை வாங்கிச் சீர் பண்ணி விக்கப் போறோம்' என்று இரண்டு பேரும் போய் நின்றபோது ஊரே சிரித்தது. அவள் மட்டும் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள்.

சின்னண்ணன் வீடு பிடிப்பான். சென்னிமலை அதைப் புதுசாக்குவான். அப்புறம் விற்பார்கள். அதுதான் கூட்டு!

அவர்கள் வாங்கியதில் பாதிக்கு மேல் அடைப்பு வீடுகள். ரேவதி, அவிட்டம் மாதிரிச் சில நட்சத்திரங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும். அதற்குப் பெயர்தான் அடைப்பு. அப்படிப் பூட்டிய வீட்டை வாரிசுகளே திரும்பிப் பார்க்கப் பயப்படுவார்கள். கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுத் தலைமுழுகுவார்கள். நண்பர்களுக்கு அந்தப் பயம் கிடையாது. பூட்டைத் திறந்து, ஓடு மாற்றி, வெள்ளையடித்து, வெளியூர்க்காரனுக்கு விற்றுவிடுவார்கள்.

பழனியக்காளின் வீடு கடைவீதியை ஒட்டி இருந்தது. சென்னிமலை போய்ச் சேர்ந்தபோது வாசல் முழுக்கக் கூட்டம்!

கொல்லையில் ஈரப் புடவையோடு கிடந்தாள். யாரோ முகத்தைத் துடைத்துவிட்டிருந்தார்கள்.

"அக்கா..!"

சின்னண்ணன் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அந்தத் தோள் மட்டும் இல்லாவிட்டால் சென்னிமலை அங்கேயே விழுந்திருப்பான்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"தண்ணி எறைக்கும்போது தவறி விழுந்த கேஸ்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வரட்டும்."

சென்னிமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்றைப் பார்த்தான்.

பார்த்தவன்... பார்த்துக்கொண்டே நின்றான்.

கிணற்றுச் சுவர் அவன் கட்டியது. போன சித்திரையில்தான் கட்டினான். அக்கா குள்ளம் என்று அளந்து பார்த்து, அவளுடைய நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தினான். 'என்ன சாமி, எனக்கு ஜெயிலு கட்டறயா?' என்று சிரித்தாள் அவள்.

அந்தச் சுவரைத் தாண்டித் தவறி விழ முடியாது!

யாராவது தூக்கிப் போட்டால்தான் முடியும்!

அவன் வாய் திறப்பதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"உசுரு பிரிஞ்ச நேரம் என்னங்க?"

பஞ்சாங்கத்தை விரித்தபடி ஜோசியர் நின்றிருந்தார். அவரை அழைத்து வந்தவர் அம்மாசி. பழனியம்மாளின் கொழுந்தனார். தம்மம்பட்டிக்காரர். வீட்டுக்கு வாரிசு என்று பார்த்தால் அவர்தான்.

"ஆருக்குங்க தெரியும்? வெடிஞ்சுதான் குப்பாயி பாத்திருக்கறா," என்றார் அம்மாசி.

"அப்பப் பார்த்த நேரத்தைத்தான் கணக்குல எடுக்கோணும். ரேவதி நேத்து ராத்திரி ஏழு மணியோட முடிஞ்சு போச்சுங்க. வெடியக்காலம் அசுவினி. அடைப்பு இல்லீங்க. கவலப்படாதீங்க."

"இல்லீங்க!"

சின்னண்ணன் முன்னால் வந்தான்.

"சாயங்காலமே போயிருக்கோணுமுங்க. வெளக்கு வெக்கறதுக்குத் தண்ணி எறைக்கப் போயிருக்கும். அப்ப ரேவதிதானுங்களே? ஊட்டப் பூட்டாம உட்டுட்டா நாளைக்கு ஆருக்காவது ஆகாமப் போயிருமுங்க!"

சென்னிமலைக்குப் பழைய சாவுகள் இரண்டு நினைவுக்கு வந்தன.

போன வருடம் எடப்பாடியில், தனியாக இருந்த ஒரு கிழவர். அதற்கு முன் தம்மம்பட்டியில் ஒரு விதவை. இரண்டு இடத்திலும் யாரும் பார்க்காத சாவு. இரண்டு இடத்திலும் அடைப்பு. இரண்டு இடத்திலும் இதே போல முன்னால் வந்து நேரம் சொன்னவன்... சின்னண்ணன்!

'இருக்காது. சின்னானா? என்ற சின்னானா? இருக்கவே இருக்காது!'

அவன் நெஞ்சு கெஞ்சியது. அக்காவின் முகத்தைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிநேகிதனுக்கு எதிரே ஒரு பொய் சொன்னான்.

"ஜோசியரே, சாயங்காலம் இல்லீங்க. நேத்து ராத்திரி எட்டு மணிக்கு நான் இங்க வந்து அக்காளோட பேசிட்டுத்தான் போனேன். நல்லா இருந்துச்சு. சோறு போட்டுச்சு."

"பொய்!"

சின்னண்ணன் கத்தினான்.

"எட்டு மணிக்கு எப்பிடிடா சோறு போடும்? ஆறரைக்கே..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

குப்பாயியின் ஒப்பாரிகூட நின்றுபோனது.

சப்-இன்ஸ்பெக்டர் நிதானமாக எழுந்தார்.

"ஆறரைக்கே... மேல சொல்லுப்பா. எடப்பாடியில இருந்தவனுக்கு ராசிபுரத்துக் கெணத்துல நடந்தது எப்பிடித் தெரியும்?"

சின்னண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

சென்னிமலை அவனுடைய இரண்டு தோளையும் பிடித்தான்.

"இல்லைன்னு சொல்லுடா! வாய் தவறிடுச்சுன்னு சொல்லு. நீ எதைச் சொன்னாலும் நம்பறேன். சொல்லுடா சின்னா!"

"எத்தனை தடவ கேட்டேன்டா?" சின்னண்ணனின் குரல் உடைந்தது. "இடிச்சுக் கட்டுனா முன்னால நாலு கடை வரும், மேல ரெண்டு ஊடு வரும்னு கெஞ்சினேன். மாட்டேன்னுருச்சு. அடைப்புன்னு ஆயிட்டா அம்மாசி வந்த வெலைக்குத் தள்ளிருவாரு... நமக்காகத்தாண்டா செஞ்சேன்!"

"நமக்கா?"

"ரெண்டு பேருக்குந்தான்!"

"எடப்பாடிக் கெழவரு?"

சின்னண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தம்மம்பட்டியில?"

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

சென்னிமலையின் கைகள் தாமாகவே கீழே விழுந்தன. எத்தனை வீட்டுச் சுவரைச் சுரண்டிப் பூசியிருப்பான்! எத்தனை வாசலில் மாவிலை கட்டியிருப்பான்! அத்தனையும் இப்போது அவன் கையில் நாறியது.

"அது உனக்குச் சோறு போட்ட கைடா... எனக்கு முன்னால உனக்குத்தாண்டா போடும்!"

அவன் குழந்தை மாதிரி ஓவென்று அழுதான்.

அதுவரை திகைத்து நின்ற அம்மாசி மெல்ல வாய் திறந்தார்.

"வந்த வெலைக்கு நான் எப்பிடிங்க தள்ளறது? இந்த ஊடு எனக்கு வரவே இல்லீங்களே!"

சின்னண்ணன் நிமிர்ந்தான்.

"என்னது?"

"போன மாசந்தான் அண்ணி உயில் எழுதுச்சுங்க. நாந்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். 'எனக்கப்புறம் என்ற தம்பிங்க ரெண்டு பேருத்துக்கும் சரிபாதி. இடிக்கறதோ கட்டறதோ அவுங்க பாடு'ன்னு சொல்லுச்சு. சென்னிமலைக்குப் பாதி..."

அம்மாசி சின்னண்ணன் பக்கம் திரும்பினார்.

"உனக்குப் பாதி, சாமி."

சின்னண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். பழனியம்மாளின் ஈரமான பாதத்தைத் தொடக் கை நீட்டினான்.

"தொடாத!"

சென்னிமலை கத்திய கத்தலில் கூட்டமே பின்வாங்கியது. அவனுக்கே அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. ஒரே காலையில் அக்காவும் போனாள். அண்ணன் தம்பி போல இருந்தவனும் போனான். இதில் எவருக்காக அழுகிறோம் என்றே புரியாமல் அழுதான்.

"கொன்னவனுக்குச் சொத்துல பங்கு கெடையாதுப்பா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ஏட்டு! விலங்கை மாட்டு!"

ஏட்டு விலங்கை எடுத்தார். எடுத்தவர் வாட்சைப் பார்த்துத் தயங்கினார்.

"ஐயா... வெள்ளிக்கிழமைங்க. ராகுகாலம் முடிய இன்னும் கால் மணி நேரம் இருக்குது. பன்னெண்டு அடிச்சதும் மாட்டிடலாமுங்களா?"

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ராகுகாலம் நமக்கு இல்லைய்யா... அவனுக்கு! மாட்டு!"