இளைக்க வைக்கும் பீர்

“என் பீரைக் குடிச்சா உடம்பு இளைக்கும்” என்று வெண்டல் அறிவித்தபோது, மில்வாக்கி நகரின் தெற்கே அந்த வெள்ளிக்கிழமை மதியம் வழக்கமான மீன் வறுவல் விருந்துக்குக் கூடியிருந்த அத்தனை தொப்பைகளும் ஒரே நேரத்தில் குலுங்கின. “சிரிக்காதீங்கய்யா! பதினோரு நாள்ல என் பெண்டாட்டி பத்தொன்பது பவுண்டு குறைஞ்சிருக்கா. எந்திரிச்சு நின்னு காட்டு ஆர்டிஸ்!”

ஆர்டிஸ் எழவில்லை. ரொட்டியில் வெண்ணெயை அழுத்தித் தடவிக்கொண்டே சொன்னாள்: “பீர் குடிச்சு இளைச்சவ இந்த ஊர்ல ஒருத்தி இருந்தா அவளுக்குச் சிலை வைக்கணும். நான் மாடிப்படி ஏறி இறங்குறேன், இளைக்கிறேன். இந்த ஆளு பீராலன்னு செத்தாலும் ஒத்துக்க மாட்டேன்.”

கூட்டம் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தது. வெண்டலும் சிரித்தான். ஆனால் அவன் யாரிடமும் சொல்லாத ஒரு எண் இருந்தது. அது நினைவுக்கு வந்ததும் வாயிலிருந்த மீன் துண்டை நாசூக்காகத் துணியில் துப்பி மடித்துக்கொண்டான்.

அவன் வருடக்கணக்காக வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன். புட்டி கழுவியே பாதி ஆயுள் போயிற்று என்று அலுத்து, இந்தக் குளிர்காலத்தில்தான் எஃகுப் பீப்பாய்க்கு மாறினான். நிலவறையில் பழைய குளிர்பெட்டியின் கதவைத் துளைத்து ஒரு குழாய் வைத்தாயிற்று. பீரை உந்தித் தள்ளுவதற்குக் கரியமில வாயு சிலிண்டரும் ரெகுலேட்டரும்தான் பாக்கி. மகள் பரிசாக அனுப்பிய, முகம் பார்க்கலாம் போன்ற புத்தம்புது சிலிண்டரை அணைத்துக்கொண்டு, வாயு நிரப்பித் தரும் கிளெமின் கடைக்குப் போனான்.

“இதுலயே நிரப்பித் தரணும்னா ரெண்டு நாள் ஆகும்” என்றான் கிளெம். “இப்பவே வேணும்னா இதை வெச்சுட்டு, நிரப்பின வேற ஒண்ணைத் தூக்கிட்டுப் போ. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. ஆனா யோவ், இப்படிப் புதுசைக் குடுத்துட்டு, எவன் வீட்டுல எப்படிக் கிடந்ததோ அதை எடுத்துட்டுப் போவியா?”

“பீருக்கு சிலிண்டரோட மூஞ்சி தெரியவா போகுது?”

தோள் நசுங்கிய சாம்பல் நிற சிலிண்டர் ஒன்று கிடைத்தது. கழுத்தில் காலி எடை எட்டு பவுண்டு என்று குத்தியிருந்தது. உள்ளே ஐந்து பவுண்டு வாயு. ஆகக் கூடினால் பதின்மூன்று. பக்கத்தில், கடைசியாகப் பாதுகாப்புச் சோதனை செய்த தேதி இருக்க வேண்டிய இடத்தை யாரோ பல்லால் கடித்தாற்போல் கொத்தி அழித்திருந்தார்கள்.

ரெகுலேட்டரிலும் கிளெம் விடவில்லை. “இதை எடு. செக் வால்வு இருக்கு. போனது போன வழியில திரும்பி வராது.”

வெண்டலின் கண்ணோ, அலமாரி மூலையில் கிடந்த பித்தளை ரெகுலேட்டரின் மேல் இருந்தது. இரண்டு வட்ட முகங்கள், மெல்லிய முட்கள், அழகென்றால் அப்படியொரு அழகு. “முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊருக்கே குழாய் மாட்டினவன்பா நான். எனக்கே வால்வு பாடமா?”

“உன் இஷ்டம். பீப்பாயில இருக்கறது பூரா சிலிண்டருக்குள்ள ஏறினப்புறம் என்கிட்ட வந்து அழாதே.”

முதல் கோப்பையிலேயே நாற்றம் வந்தது. சாக்கடைக் குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டே மதியச் சாப்பாடு சாப்பிட்டவன் வெண்டல். அவனையே இரண்டடி பின்னால் தள்ளியது. புளிப்பு இல்லை, பூஞ்சை இல்லை. இரவு முழுக்க வாயைத் திறந்து தூங்கிய ஒருவர், பல் இடுக்கில் மாமிசத்தோடு, முகத்துக்கு நேரே விடும் கொட்டாவி அது. மேல்தளத்துச் சுவர்க் காகிதமே சுருண்டு உரிந்தது என்றால் நம்புங்கள். நுரையைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்பெட்டிக்குள் இருந்து வந்த நுரை!

ஆர்டிஸுக்கு இரண்டு வருடம் முன்பு வந்த காய்ச்சலோடு மோப்ப சக்தியே போய்விட்டது. அவள் ஒரே இழுப்பில் குடித்து உதட்டை நக்கினாள். “நல்லாத்தான இருக்கு? இன்னொண்ணு ஊத்து.” அன்றிலிருந்து தினம் நாலு மணிக்கு இரண்டு கோப்பை.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பதை முள் காட்டாது. கடைசிச் சொட்டு வரை ஒரே இடத்தில் நிற்கும். எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து வைத்தான். பதினெட்டு. தராசு பழசு என்று தட்டிவிட்டு மறுபடி வைத்தான். பதினெட்டு. அதே தராசில் காலையில் ஏறிய ஆர்டிஸ், ஐந்து பவுண்டு குறைந்துவிட்டதென்று ஈரக் காலோடு கூடம் வரை ஆடியிருந்தாள். அடுத்த வாரச் சனிக்கிழமை அவள் தங்கை மகளின் கல்யாணம். இரண்டு வருடமாக இடுப்பேறாத பச்சைக் கவுன் அலமாரியில் காத்திருந்தது.

ஏழாம் நாள் இருபத்தைந்து. பதினோராம் நாள், இந்த வெள்ளிக்கிழமை காலையில், முப்பத்திரண்டு.

மீன் வறுவலிலிருந்து திரும்பியதும் ஆர்டிஸை மேலே விட்டுவிட்டு நிலவறைக்கு இறங்கினான். பனி மூடிய சின்ன ஜன்னலில் பகல் வெளிச்சம் பால் போலக் கலங்கியிருந்தது. துணி துவைக்கும் இயந்திரத்தின் ஈரவாசம், அதற்கு அடியில் அந்தக் கொட்டாவி. ரெகுலேட்டரின் முள் பன்னிரண்டில் நிற்க வேண்டும். அது மெல்லப் பத்துக்கு இறங்கியது, மெல்லப் பன்னிரண்டுக்கு ஏறியது, மறுபடி இறங்கியது, அயர்ந்து தூங்குகிறவரின் வயிறு போல.

பீப்பாயிலிருந்து சிலிண்டருக்குப் போகும், கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் குழலில் ஏதோ ஊர்ந்தது.

குனிந்து பார்த்தான். மஞ்சள். குளிர்ந்த வறுசட்டியில் உறையும் பன்றிக் கொழுப்பின் மஞ்சள். இடையிடையே இளஞ்சிவப்பு இழை, ஒரு நரைமுடி. அது வாயு வரும் வழியில் எதிர்த்து ஏறி, பித்தளைக்குள் நுழைந்தது. உள்ளே ஒரு சத்தம்.

மடக்.

முழுங்குகிற சத்தம்.

சிலிண்டரின் திருகைப் பிடித்தான். கழுத்து போல வெதுவெதுப்பு. கழுத்து போல வியர்வை. இறுக்கி மூடினான்.

தலைக்கு மேல், சமையலறையில், ‘தொம்’ என்று ஏதோ விழுந்தது.

ஓடினான். ஆர்டிஸ் தரையில் கிடந்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. காற்று போகவில்லை, சத்தம் வரவில்லை, உதடு நீலம். வெண்டலுக்குப் புரிந்துவிட்டது. நான்கு நான்கு படியாகத் தாவி இறங்கித் திருகைத் திறந்தான்.

மேலே ஒரு நீண்ட மூச்சு. அவன் கைக்குக் கீழே, அதே அளவு, அதே நீளம், இன்னொரு மூச்சு.

“படி ஏறினதுல மூச்சு வாங்கிடுச்சு” என்றாள் ஆர்டிஸ், நாற்காலியில் உட்கார்ந்து. கன்னத்துத் தோல் வெறும் பையாகத் தொங்கியது. வெண்டல் எல்லாவற்றையும் கொட்டினான். எடை, கொழுப்பு, முடி, திருகு.

“ஊரைக் கூட்டிப் பீத்திக்கிட்டது பத்தாதுன்னு இப்ப பேய்க்கதையா? உன் பீருக்கு அவ்வளவு சக்தியாய்யா?”

“சத்தியமா சொல்றேன் ஆர்டிஸ். கீழ போகாதே. குடிக்காதே.”

“நாளைக்குக் கவுனுக்கு ஊசி குத்தணும், இடுப்புல நிக்க மாட்டேங்குது. அந்தக் கவலையில இருக்கேன் நான். போய்ப் படு.”

அவன் படுக்கவில்லை. சிலிண்டரை வெளியே எறிய முடியாது, மூடவும் முடியாது. ஆனால் திறந்தபடியே ஒரு செக் வால்வு போட்டால்? இனி ஒரு சொட்டும் திரும்பி ஏறாதே. இந்த யோசனை வந்தபோது கிளெமின் கடை மூடியிருந்தது; சனிக்கிழமை அது திறக்கும் முன்பே வாசலில் நின்றான். சுண்டுவிரல் அளவு வால்வு. எந்தப் பக்கம் போகலாம் என்று காட்டும் சின்ன அம்புக்குறி.

“இப்பவாவது புத்தி வந்துச்சே” என்றான் கிளெம். வெண்டல் காசை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

வீடு திறந்து கிடந்தது. “ஆர்டிஸ்!” என்று கூப்பிட்டுக்கொண்டே படுக்கையறைக்குள் போனான். கண்ணாடி முன்னால் உதட்டுச்சாயம் மூடாமல் இருந்தது. நிலவறை விளக்கு எரிந்தது.

இறங்கினான்.

குழாய்க்கு எதிரே உயரமான முக்காலி. அதன் மேல் பச்சைக் கவுன். உட்கார்ந்த வாக்கில், இடுப்பில் ஆறு ஊசி குத்தியபடி. உள்ளே யாரும் இல்லை. துணி நனைந்து, கொழகொழவென்று, விளிம்பிலிருந்து சொட்டியது. செருப்புகள் இரண்டும் நேராக. பிளாஸ்டிக் குழல் விரல் தடிமனுக்கு உப்பி, கடைசியாக எதையோ தள்ளிக்கொண்டிருந்தது. சிலிண்டர் நின்ற இடத்தில் சிமெண்ட் தரை நொறுங்கி, அது முழங்கை ஆழம் புதைந்திருந்தது.

மடக். மடக்.

ஒரு நீண்ட, நிறைவான ஏப்பம். குழாய் வழியாக, அவன் முகத்தின் மேல். ஆர்டிஸின் உதட்டுச்சாய வாசம் கலந்து.

வெண்டலின் உள்ளங்கையில் வால்வு. அம்புக்குறி வியர்வையில் நனைந்தது. குழாயின் கைப்பிடி யாரும் தொடாமல் சாய்ந்தது. நுரை வந்தது. வெதுவெதுப்பாக, இளஞ்சிவப்பாக, மெல்ல. அதன் நடுவில் ஒரு குமிழி திறந்தது, மூடியது, உதடு போல.

“வெண்டல்...” என்றது. அவள் குரலேதான். அலுத்துக்கொள்ளும்போது வரும் அதே இழுப்பு. “சரிய்யா, ஒத்துக்கறேன். நீ சொன்னது நெசந்தான், உன் பீராலதான். சீக்கிரம் ஒரு கிளாஸ் எடுத்து ஊத்து. உள்ள ரொம்ப நெருக்கடியா இருக்கு.”